மூட்டை வந்து சேரவில்லை

1816 ஆகஸ்ட் 29, பொழுது விடிகிற நேரம். பெக்கிங் நகருக்கு வெளியே, சீனப் பேரரசரின் கோடைகால அரண்மனை வாசலில் ஓர் ஆங்கிலேயப் பிரபு கண் சிவந்து, தலை கலைந்து, கடுகடுவென்று நிற்கிறார். பெயர் ஆம்ஹர்ஸ்ட். இங்கிலாந்து ராஜாவின் தூதர். ராத்திரி முழுக்கக் கல் பாவிய சாலையில் வண்டி குலுக்கிய குலுக்கலில் எலும்பெல்லாம் இடம் மாறியிருக்கிறது. வந்து இறங்கியதும் இறங்காததுமாக மந்திரிமார் சூழ்ந்துகொண்டு, பேரரசர் காத்திருக்கிறார், உடனே உள்ளே வா என்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்கள்.

துரை அசையவில்லை. உடம்பு சரியில்லை, அசதி என்றார். அதைவிட முக்கியம், மூட்டை வந்து சேரவில்லை என்றார். தர்பார் உடுப்பும் ராஜா கொடுத்த ஓலையும் பின்னால் வருகிற வண்டியில் இருந்தன. அதற்கும் மேலே ஒரு சங்கதி. சீனத்து வழக்கப்படி பேரரசர் முன்னால் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி தரையில் முட்ட வேண்டும். எங்கள் வழக்கத்தில் அது இல்லை, மானம் போய்விடும் என்று வழியெல்லாம் வாரக்கணக்கில் வாதாடிக்கொண்டே வந்தவர் அவர். சியாச்சிங் பேரரசருக்குக் கோபம் வந்தது. வந்த வண்டியை அன்றைக்கே திருப்பிவிடச் சொன்னார். அரை உலகம் சுற்றி வந்த தூதுக்குழு, பேரரசரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பியது.

திரும்புகிற வழியிலும் சனி விடவில்லை. 1817 பிப்ரவரியில் காஸ்பர் ஜலசந்தியில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. பிரபு படகேறி பட்டேவியாவுக்குத் தப்பினார். தீவில் மிஞ்சிய மாலுமிகளை மலாய்க் கடற்கொள்ளைக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். அப்புறம் பிரபு செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனைப் பார்த்துப் பேசிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு பெரிய சக்கரவர்த்தியின் அழைப்பை மறுத்து, ஏற்ற வேலையைக் கெடுத்துவிட்டு வந்த ஆளுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. ஆங்கிலேய மானத்தைக் காத்த மகான் என்று பாராட்டியவர்களும் உண்டு. 1823இல் அவரையே இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்பிவைத்தார்கள்.

வந்து இறங்கிய மறு வருஷமே பர்மாவோடு சண்டை. எல்லையில் ஒரு தீவு யாருடையது என்பதில் தொடங்கி, அஸ்ஸாம், மணிப்பூர் என்று தகராறு முற்றி, 1824 மார்ச்சில் போர் அறிவித்தாயிற்று. கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், போட்ட கணக்கு சுலபமானது: பர்மாக்காரனிடம் என்ன இருக்கிறது, போய் இரண்டு வேட்டுப் போட்டால் ஓடிவிடுவான். மே மாதம் சிட்டகாங் பக்கம் ராமு என்ற இடத்தில் பர்மாத் தளபதி மகா பண்டூலாவின் சேனை கும்பினிப் படை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டது. கல்கத்தா வியாபாரிகள் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தார்கள். பர்மாக்காரர்களுக்கு மந்திரம் தெரியும், குண்டு பாயாது என்று சிப்பாய்கள் மத்தியில் பேச்சு கிளம்பியது.

போருக்கு ஆள் வேண்டும். கும்பினியின் வங்காளப் பட்டாளத்தில் ஆளுக்கு என்ன குறை? ஆனால் அந்த ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதில்தான் வில்லங்கம். அவத், பீகார் பக்கத்துப் பிராமணர், ராஜபுத்திரர் என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். உயரம், நிறம், மீசை எல்லாம் பிரமாதம். கவாத்தில் நிறுத்தினால் கண் கொள்ளாது. ஆனால் கப்பலில் ஏற மாட்டார்கள். கடலைத் தாண்டினால் சாதி போகும். கப்பலில் தனியாகச் சமைக்க முடியாது, பொதுப் பீப்பாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஊர் திரும்பினால் சொந்தப் பங்காளியே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். இவர்களை வேலைக்குச் சேர்த்தபோது கடல் தாண்ட வேண்டும் என்று கும்பினியும் நிபந்தனை போடவில்லை.

சரி, நடந்தே போகட்டும் என்று முடிவாயிற்று. 26, 47, 62 என்று மூன்று படையணிகள். மதுராவிலிருந்து மழைக்காலத்தில் புறப்பட்டு, ஏறக்குறைய ஆயிரம் மைல் நடந்து, அக்டோபரில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை உட்காரக்கூட விடாமல், சிட்டகாங் போ, அங்கிருந்து பர்மாவின் அரக்கானுக்குள் நுழை என்று உத்தரவு.

இங்கேதான் சொம்பு குறுக்கே வந்தது.

ஒவ்வொரு சிப்பாயும் தனக்கென்று பித்தளைச் சொம்பு, தட்டு, சமையல் பாத்திரம் வைத்திருப்பான். ஒருவன் பாத்திரத்தை இன்னொருவன் தொடக் கூடாது. அதையெல்லாம் படுக்கையில் வைத்துச் சுருட்டிக் கட்டினால் ஒரு மூட்டை. தோளில் துப்பாக்கி, இடுப்பில் தோட்டா, முதுகில் கும்பினி கொடுத்த பை. மூட்டையை எங்கே வைப்பது? பொதிமாட்டின் மேல்தான். அந்த மாட்டை யார் பிடிப்பது? சிப்பாய்தான். தன் கைக்காசில் வாடகை கொடுத்து. மாதச் சம்பளம் 7 ரூபாய். மகாராஜாக்களின் கிரீடத்தை எடைபோட்டு வாங்கிய கும்பினி, சண்டைக்குப் போகிறவனின் சட்டி பானைக்கு வண்டிச் சத்தம் கொடுக்காது.

அந்தக் காசையும் கொடுக்க அவர்கள் தயார்தான். வங்காளத்தில் மாடு இல்லையே! ரங்கூனுக்குப் போன படைக்கென்று சர்க்கார் தரகர்கள் கண்ணில் பட்ட மாட்டையெல்லாம் முன்பே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய கிழட்டு மாட்டுக்கும் சொன்னதுதான் விலை. ஆயிரம் மைல் நடந்ததில் முதுகுப் பையும் கிழிந்து தொங்கியது.

பாரக்பூரில் விலங்குக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. கவர்னர் ஜெனரலின் தோட்ட பங்களா அங்கேதான். அதை ஒட்டி முந்தைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி காலத்தில் அமைத்த மிருகக்காட்சிச் சாலை. சர்க்கார் செலவில் வேளாவேளைக்குத் தீனி தின்றுகொண்டு கூண்டுக்குள் பிராணிகள் சுகமாக இருந்தன. அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சேனை, மூட்டை சுமக்க நாலு மாடு கிடைக்காமல் உட்கார்ந்திருந்தது.

சிப்பாய்கள் கேட்டது மிகச் சாதாரணம். மாடு கொடுங்கள், இல்லாவிட்டால் மாடு பிடிக்கிற அளவுக்குப் பேட்டாவை இரட்டிப்பாக்குங்கள். 47ஆம் படையணியின் அதிகாரி கார்ட்ரைட் நிலைமை புரிந்தவர். சர்க்கார் கைவிரித்தபோது தன் சொந்தப் பணத்தைத் தரவே முன்வந்தார். ஆனால் அந்த வருஷம்தான் பட்டாளத்தைச் சீர்திருத்துகிறோம் என்று அதிகாரிகளையெல்லாம் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துப் போட்டிருந்தார்கள். புது ஆள் சொன்னால் சிப்பாய் ஏன் நம்புகிறான்? மேலிடத்துப் பதில் சுருக்கமாக இருந்தது: முதுகுப் பையில் கொண்டதை எடுத்துக்கொள், மற்றதைப் போட்டுவிட்டு நட. போதாக்குறைக்கு, ரொம்பத் துள்ளினால் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று சுபேதார் மேஜர் ஒரு மிரட்டல் மிரட்டிவைத்தார். பற்றிக்கொண்டது.

சொம்பு விஷயத்தில் எனக்கு முழு அனுதாபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று ஒன்றாகச் சாகத் தயாராக இருக்கிறவன் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பது என்ன தர்மமோ. ஆனால் அந்தச் சாதியைப் பார்த்துத்தானே கும்பினி ஆள் எடுத்தது! மீசை வேண்டும், நூல் வேண்டும், அதோடு வருகிற சொம்பு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

சிப்பாய்கள் படைத்தளபதிக்கு மனு எழுதினார்கள். கடல் ஏற மாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறோம், எங்களை மிரட்டிய சுபேதார் மேஜரையும் இன்னொருவரையும் நீக்குங்கள், முடியாதென்றால் எங்களுக்குக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். கலகக்காரன் எந்த ஊரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுக் கலகம் செய்கிறான்?

மனு போய்ச் சேர்ந்த இடம் சர் எட்வர்ட் பேஜட். நெப்போலியனோடு நடந்த சண்டைகளில் ஒரு கையைப் போர்ச்சுகலில் இழந்தவர். 1812இல் ஸ்பெயினில் படை பின்வாங்கும்போது தனியாகக் குதிரையில் போய் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கியவர். 1822இல் சில மாதம் இலங்கைக்கு கவர்னராக இருந்துவிட்டு இந்தியாவுக்கு வந்தவர். ராஜாவின் சைனியத்து ஆசாமி. கும்பினிப் பட்டாளம் என்றால் அவருக்கு இளக்காரம். அவர் அகராதியில் கோரிக்கை என்று ஒரு பக்கம் கிடையாது, கீழ்ப்படிதல் முடிந்ததும் கலகம்தான்.

நவம்பர் 1 காலை, புறப்பட வேண்டிய 47ஆம் படையணி மைதானத்துக்கு வந்தது, முதுகுப் பை இல்லாமல். நடக்கச் சொன்னால் நடக்கவில்லை. 26, 62 படையணிகளிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். அன்று ராத்திரி முழுக்க மைதானத்திலேயே இருந்தார்கள். எட்டிய தூரத்தில்தான் கவர்னர் ஜெனரலின் பங்களா. உள்ளே பிரபு குடும்பத்தோடு இருந்தார், காவலுக்கு வெள்ளைக்காரப் பட்டாளம் இல்லாமல். சிப்பாய்கள் நினைத்திருந்தால் நடந்தே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த ராத்திரியில் பேஜட் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால்தான் கும்பினி நிர்வாகத்தின் மகிமை விளங்கும். வெள்ளைக்காரப் படையணிகள் இரண்டு, கவர்னர் ஜெனரலின் மெய்க்காவல் குதிரைப்படை, டம்டம்மிலிருந்து பீரங்கிகள் எல்லாம் விடிவதற்குள் பாரக்பூர் வந்தாயிற்று. வாரக்கணக்கில் அலைந்தும் சொம்பு சுமக்க ஒரு மாடு கிடைக்காத அதே ஊரில், ஒரே ராத்திரியில் பீரங்கியை இழுத்துவர எல்லாம் கிடைத்தது.

நவம்பர் 2 காலை. நடக்கிறாயா, ஆயுதத்தைக் கீழே போடுகிறாயா என்று கேட்டார்கள். யோசிக்கச் சில நிமிஷம் கொடுத்தார்கள். சிப்பாய்கள் இரண்டும் செய்யாமல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்புறம் பீரங்கிகள் நின்றது அவர்களுக்குத் தெரியாது. சுடப்போகிறோம் என்று யாரும் எச்சரிக்கவும் இல்லை.

சுட்டார்கள்.

வரிசை கலைந்து ஓடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. ஹூக்ளியில் குதித்தவர்களில் பலர் மூழ்கிப் போனார்கள். செத்தவர்கள் 180 வரை இருக்கலாம் என்பார்கள். சர்க்கார் கணக்கு வழக்கம்போல் குறைவு. சுட வந்த வெள்ளைக்காரப் படையணிகளில் ஒன்றின் எண்ணும் 47தான். மைதானத்தில் சிதறிக் கிடந்த சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பொறுக்கிப் பார்த்தபோது அநேகமாக எதிலும் தோட்டா போட்டிருக்கவில்லை.

பிறகு ராணுவ நீதிமன்றம் அவசர அவசரமாகக் கூடியது. ஏறத்தாழ ஒரு டஜன் பேருக்குத் தூக்கு. பலருக்குக் காலில் விலங்கோடு சாலை போடும் கடுங்காவல், 14 வருஷம். தலைவன் என்று குற்றம் சாட்டப்பட்ட பிந்தி திவாரியைத் தூக்கிலிட்டு, உடலைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள், பார்த்தவன் பயப்பட வேண்டும் என்று. பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். பாரக்பூர் கண்டோன்மெண்டில் பிந்தா பாபா என்ற பெயரில் அவருக்குக் கோயிலே வந்துவிட்டது. கலகத்தில் சேராத இந்திய அதிகாரிகளும் தப்பவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது என்று அவர்களையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைசியில் 47 என்ற எண்ணையே பட்டாளப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் 69 என்று புதுப் படையணி ஒன்றை எழுப்பினார்கள். எண் என்ன பாவம் செய்ததோ.

இதற்கிடையில் நம் சென்னைப் பட்டாளம் என்ன செய்துகொண்டிருந்தது? கப்பலேறி ரங்கூனில் இறங்கியிருந்தது. கவர்னர் மன்றோ மளமளவென்று அனுப்பிவைத்தார். சென்னைச் சிப்பாய்களில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், தாழ்த்தப்பட்ட சாதியார் என்று எல்லாரும் கலந்திருந்தார்கள். கடலைப் பார்த்து நடுங்குகிற வழக்கம் இந்தப் பக்கம் குறைவு. ராஜேந்திர சோழன் கடாரம் போன கரையல்லவா! 1762இலேயே சென்னையிலிருந்து அறுநூறு பேர் போல மணிலாவரை கப்பலில் போய் ஸ்பானியர்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அங்கே வேறு விதமான கீழ்ப்படியாமை நடந்தது. 1764இல் ஊர் திரும்பும் நேரம் வந்தபோது சிலர் கப்பலுக்கு வரவில்லை. மணிலா பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம் இன்னும் அங்கே இருக்கிறது. ஒருத்தன் போக மாட்டேன் என்றான், இன்னொருத்தன் வர மாட்டேன் என்றான். இரண்டாமவன் புத்திசாலி.

தெற்கே எல்லாம் சாதுக்கள் என்று மெச்சிக்கொள்ளவும் முடியாது. 1780இல் ஹைதர் அலியோடு சண்டை போட விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குக் கப்பலேறச் சொன்னபோது, அங்கிருந்த சென்னைப் பட்டாளச் சிப்பாய்கள் அதிகாரிகளைச் சுட்டுவிட்டு, கஜானாவையும் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். மனுவெல்லாம் எழுதவில்லை.

சரி, ரங்கூனுக்குச் சொன்ன சொல் தட்டாமல் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1824 மே மாதம் போய் இறங்கினால் ஊரில் ஈ காக்கை இல்லை. அரிசி இல்லை, மாடு இல்லை, படகு இல்லை. பர்மாக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். அடுத்த வாரம் மழை பிடித்தது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் செய்த வேலையில் பாதியைக்கூட எதிரியின் குண்டு செய்யவில்லை. 47ஆம் படையணி போக மறுத்த தரைவழியும் அதே லட்சணம்தான். சிட்டகாங் வழியாகப் போன படை 1825 ஏப்ரலில் அரக்கான் நகரைப் பிடித்தது. பிடித்ததும் மலேரியா படையைப் பிடித்தது. ஆஸ்பத்திரிதான் நிரம்பியது. 1826 பிப்ரவரியில் யாண்டபோவில் உடன்படிக்கை ஆவதற்குள் கும்பினி தரப்பில் 15,000 பேர் செத்திருந்தார்கள். செலவு ஐம்பது லட்சம் பவுனுக்குக் குறையாது. மாட்டு வாடகையில் மிச்சம் பிடித்த பணம் அதில் எந்த வரியில் எழுதப்பட்டதென்று தெரியவில்லை.

பிரபுவைத் திருப்பி அழைத்துவிடலாமா என்று லண்டனில் யோசித்தார்கள். யோசித்துவிட்டு, 1826இல் பதவி உயர்வு கொடுத்தார்கள்: அரக்கானின் ஏர்ல் ஆம்ஹர்ஸ்ட்! இந்தியாவில் கோட்டை கொத்தளம் என்று எத்தனையோ இருக்க, சொந்தச் சேனை காய்ச்சலில் படுத்த ஊரின் பெயரைத்தான் பட்டமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பர்மாவில் ஒரு கடலோர ஊருக்கு அப்போது அவர் பெயரை வைத்தார்கள். ஒரு பூமரத்துக்கு அவர் வீட்டுப் பெண்களின் பெயர். துரைசானியம்மாள் லண்டனுக்கு அனுப்பிவைத்த வண்ணக் கோழிக்கும் அவர் பெயர்தான், லேடி ஆம்ஹர்ஸ்ட் கோழி. 1827இல் ஜோசப் ஹ்யூம் என்ற உறுப்பினர் பாரக்பூர் விசாரணை அறிக்கையை வெளியிடுங்கள் என்று பாராளுமன்றத்தில் கேட்டார். வெளியிட மாட்டோம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அது கீழ்ப்படியாமையில் சேராது.

சிப்பாய்கள் கதையை மறக்கவில்லை. 1852இல் மறுபடி பர்மாச் சண்டை. 38ஆம் வங்காளப் படையணியை, விருப்பமிருந்தால் கப்பலில் வருகிறீர்களா என்று அப்போதைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி கேட்டார். எங்கே வேண்டுமானாலும் நடந்து வருகிறோம், கப்பல் வேண்டாம் என்றார்கள். சேர்க்கும்போது போட்ட நிபந்தனையில் கடல் இல்லையே, டல்ஹௌஸி வாயை மூடிக்கொண்டார். அப்போதும் 74 வங்காளப் படையணிகளில் ஆறே ஆறுதான் எங்கும் போகும் நிபந்தனையில் சேர்ந்தவை.

அடுத்து வந்தவர் கானிங். இந்தத் தலைவலியை ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறேன் என்று 1856 ஜூலை 25இல் உத்தரவு போட்டார்: இனிமேல் சேருகிற ஒவ்வொருவனும் கடல் தாண்டவும் சம்மதித்தே சேர வேண்டும். அப்பனும் பாட்டனும் சேர்ந்த பட்டாளத்தில் தானும் சேரலாம் என்று காத்திருந்த அவத் குடும்பங்களில் முணுமுணுப்பு கிளம்பியது. இந்தப் புது விதியால் சாதி உணர்ச்சி கிளறப்படும் என்ற பயமே வேண்டாம் என்று கானிங் அந்த நவம்பரில் லண்டனுக்கு நிம்மதியாக எழுதினார்.

1857 மார்ச் 29. பாரக்பூர். இம்முறை 34ஆம் படையணி. மைதானத்துக்கு வந்த சிப்பாயின் பெயர் மங்கள் பாண்டே. அவர் துப்பாக்கியில் தோட்டா இருந்தது.